புயல் வெள்ளம் புகுந்த உறைகிணற்றை மீண்டும் குடிக்க ஏற்றதாக்குவது எப்படி?

கடலூர்க் கரையோரத்தில் வெள்ளம் வடிந்ததும் பலர் செய்வது, பிளீச்சிங் பவுடரை ஒரு கை அள்ளிக் கிணற்றில் வீசுவது. அது போதாது. பவுடரில் உள்ள சுண்ணாம்பு அடியில் படியும், தண்ணீரின் கடினத்தன்மை கூடும், குளோரினும் சீராகக் கலக்காது.

முதலில் சேற்றை வாரி, கலங்கலை இறைத்துவிடுங்கள். கலங்கல் இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். தெளிந்த நீர் ஊறியதும் அளவு பாருங்கள்: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் (எல்லாம் மீட்டரில்) × 785 = லிட்டர். 1 மீட்டர் விட்டமுள்ள உறையில் 2 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் என்றால் 1,570 லிட்டர். வழக்கமாக 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர்; வெள்ளத்துக்குப் பின் இரட்டிப்பு, அதாவது இங்கே சுமார் 8 கிராம். பவுடரைக் கூழாகக் குழைத்து, வாளித் தண்ணீரில் கலக்கி, 10 நிமிடம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். இல்லையென்றால் பவுடர் பழசாக இருக்கலாம். திறந்து வைத்த மூட்டையில் வீரியம் போய்விடும்.

கடல்நீரே புகுந்திருந்தால் பிளீச்சிங் உப்பை எடுக்காது. மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைக்காதீர்கள். மணல் நிலத்தில் மேலே நல்ல தண்ணீர், கீழே உப்புத் தண்ணீர்; அதிகம் இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். மழை அதை அலசும்வரை குடிக்க லாரித் தண்ணீர்தான்.