அப்டேட்டுக்குப் பின் பிட்லாக்கர் நீலத்திரை

சார், மாட்டுத்தாவணி ஆபீஸ்ல செக்யூரிட்டி அப்டேட் ஏறினதும் ஆறு கம்ப்யூட்டர் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) நீலத்திரையிலேயே நிக்குது, சர்வீஸ்காரர் ஃபார்மட் பண்ணச் சொல்றார்னு எழுதியிருக்கீங்க. தயவுசெய்து ஃபார்மட் பண்ண விடாதீங்க, டேட்டா டிஸ்க்ல அப்படியே இருக்கு. அப்டேட் பூட் ஃபைலை மாத்தினா டிபிஎம்ங்கிற பாதுகாப்பு சிப் சந்தேகப்பட்டு, பூட்டைத் திறக்கிற 48 இலக்க ரெகவரி கீ கேட்கும், அவ்வளவுதான். முதல்ல அந்தக் கம்ப்யூட்டரை செட் பண்ணினவரோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல பாருங்க. திரையில தெரியுற கீ ஐடியோட முதல் 8 எழுத்து பொருந்தணும். ஒவ்வொரு மெஷினுக்கும் கீ வேற.

கீ போட்டும் பூட் ஆகலையா? லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைங்க. ரெண்டு மூணு தடவை செஞ்சா ரிப்பேர் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் போய் குவாலிட்டி அப்டேட்டை (இப்போ ஏறின செக்யூரிட்டி அப்டேட்) மட்டும் நீக்குங்க. ஒண்ணு சரியான பிறகு மத்ததைத் தொடுங்க. நல்லா ஓடுற மெஷின்கள்ல இன்னைக்கே அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்தி வைங்க, கீயையும் பிரிண்ட் எடுத்துடுங்க.