கதவுக்குக் குமிழா, லிவரா?

கேள்வி: புது வீட்டில் ஏழு உள்கதவுகளுக்கும் ஒரே மாதிரி, பித்தளை நிறத்தில் உருண்டைக் குமிழ் போட நினைக்கிறோம். மூட்டுவலி உள்ள மாமியாரும் மூன்று வயது மகனும் உடன் இருக்கிறார்கள். எதைக் கவனித்து வாங்க வேண்டும்?

பதில்: மாமியாரின் கையிலிருந்தே தொடங்குவோம். உருண்டைக் குமிழைத் திருப்ப விரல்களால் இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை முறுக்க வேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்கு அது ஒவ்வொரு முறையும் வேதனை. சோப்புக் கையென்றால் உங்களுக்கும் வழுக்கும். லிவர், அதாவது கீழே அழுத்தும் நீளக் கைப்பிடி; அதை உள்ளங்கையால், ஏன், முழங்கையால் அழுத்தினாலே கதவு திறந்துவிடும். கனடாவின் வான்கூவர் நகரத்தில் 2014 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு லிவர்தான் என்று கட்டட விதியையே மாற்றினார்கள். அதனால் மாமியார் புழங்கும் கதவுகளுக்காவது லிவர் போடுங்கள். நுனி கதவுப் பக்கமாக வளைந்திருந்தால் சட்டைக் கை, பையின் வார் எதுவும் மாட்டாது.

லிவரைக் குழந்தையும் எளிதாகத் திறந்துவிடும் என்பது உண்மைதான். வெளியே போகும் கதவில் அவனுக்கு எட்டாத உயரத்தில் தனியாக ஒரு தாழ்ப்பாள் வைத்துவிடுங்கள், போதும்.

அடுத்தது, எல்லாக் கதவுக்கும் ஒரே குமிழ் என்ற எண்ணம். நிறமும் வடிவமும் ஒன்றாக இருக்கட்டும்; உள்ளே இருக்கும் வேலை ஒன்றாக இருக்கக் கூடாது. சமையலறைக்குப் பூட்டே வேண்டாம். அலமாரிக் கதவுக்குத் திரும்பாத வெறும் பிடி போதும். குளியலறைக்குத்தான் நிறைய யோசிக்க வேண்டும். உள்ளே பொத்தானை அழுத்தியோ திருகியோ தாழிடும் வகையை வாங்குங்கள். ஆனால் வெளிப்பக்கம் ஒரு சிறு துளையோ பள்ளமோ இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மெல்லிய கம்பியாலோ நாணயத்தாலோ வெளியிலிருந்து திறக்க அதுதான் வழி. குழந்தை உள்ளே தாழிட்டுக்கொண்டு அழும்போதும், பெரியவர் வழுக்கி விழும்போதும் கதவை உடைக்கும் நிலை வராது. அந்தக் கம்பியை நிலைக்கு மேலேயே வைத்துவிடுங்கள். பெட்டியோடு பரணுக்குப் போனால் அவசரத்துக்குக் கிடைக்காது.

சரி, அளவுக்கு வருவோம். கதவின் தடிமனை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலான குமிழ்கள் 35 முதல் 45 மில்லிமீட்டர் தடிமனுக்கே செய்யப்படுகின்றன. கதவின் ஓரத்திலிருந்து குமிழ்த் துளையின் மையம் வரை உள்ள தூரம் பொதுவாக 60 அல்லது 70 மில்லிமீட்டர். கதவில் இன்னும் துளை போடவில்லை, குமிழ்தான் வேண்டும் என்றால் 70-ஐயே எடுங்கள். தூரம் குறைந்தால் குமிழைத் திருப்பும்போதெல்லாம் விரல் முட்டி நிலையில் உரசும். லிவரில் இடக்கதவு, வலக்கதவு என்று வேறுபாடு உண்டு. இரண்டுக்கும் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

பித்தளை நிறம் என்கிறீர்கள். நிறம் வேறு, பித்தளை வேறு. கையில் எடுத்துப் பாருங்கள்: கெட்டிப் பித்தளை நல்ல கனமாக இருக்கும். கனம் குறைவாக இருந்தால் பெரும்பாலும் துத்தநாகக் கலவை மேல் முலாம்தான். அதிகம் தொடும் இடத்தில் சில வருடங்களில் தேய்ந்து அடி உலோகம் தெரியும். முலாம்தான் என்றால் பி.வி.டி. பூச்சு (வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைக்கும் கடினமான மெல்லிய பூச்சு) உள்ளதைக் கேளுங்கள், நீண்ட நாள் உழைக்கும். கடலோர வீட்டுக்கு 304-ஐவிட 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. அதிலுள்ள மாலிப்டினம் உப்புக் காற்றின் அரிப்பைத் தாங்கும். அரக்குப் பூச்சு உள்ள பித்தளையைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், பூச்சு போய்விடும். ஈரத்துணியே போதும்.

ஏழையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். முதலில் ஒன்றை வாங்கிக் குளியலறைக் கதவில் பொருத்துங்கள். ஒரு வாரம் மாமியார் பயன்படுத்திப் பார்க்கட்டும். கை வலிக்கவில்லை என்று அவர் சொன்ன பிறகு மீதி ஆறையும் வாங்குங்கள்.