சிங்க்கின் அடியில் சிறு கீசர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீடு குன்னூரில் உள்ளது. குளிர்காலத்தில் பாத்திரம் துலக்குவதற்குள் என் மாமியாருக்குக் கை விறைத்துவிடுகிறது. குளியலறைக் கீசரிலிருந்து குழாய் இழுக்கலாமா, அல்லது சமையலறை சிங்க்கின் அடியிலேயே சிறிய கீசர் ஒன்றைப் பொருத்தலாமா? பொருத்துவதானால் 3 லிட்டர் போதும் என்கிறார் கடைக்காரர். அது சரியா? (வாசகி, குன்னூர்)

பதில்: குளியலறைக் கீசருக்கும் சிங்க்குக்கும் இடையே குழாயின் தூரத்தை முதலில் அளந்து பாருங்கள். முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்கு ஏறத்தாழ கால் லிட்டர் நீர் நிற்கும். தூரம் 10 மீட்டர் என்றால், ஒவ்வொரு முறையும் இரண்டரை லிட்டர் குளிர்ந்த நீர் வெளியேறிய பிறகுதான் வெந்நீர் வரும். குழாயை மூடிய பின் அதே அளவு வெந்நீர் சுவருக்குள் நின்று வீணாக ஆறிப்போகும். சமையலறையில் வெந்நீரைச் சிறிது சிறிதாகப் பலமுறை எடுக்கிறோம் என்பதால் இந்த இழப்பு நாள் முழுவதும் தொடரும். ஆகவே சிங்க்கின் அடியிலேயே தனிக் கீசர் வைக்கும் உங்கள் எண்ணம் சரியானது.

ஆனால் 3 லிட்டர் போதும் என்பதை உங்கள் ஊருக்கு நான் ஏற்க மாட்டேன். கடைகளில் 'இன்ஸ்டன்ட்' என்று விற்கப்படும் 3 லிட்டர் கீசரில் நீரைச் சூடாக்கும் கம்பிச்சுருளான 'காயில்' பெரும்பாலும் 3,000 வாட் கொண்டது. உள்ளே சூடாகி நிற்கும் 3 லிட்டர் தீர்ந்த பிறகு, ஓடும் நீரைத்தான் அது சூடாக்க வேண்டும். சென்னையில் தொட்டி நீர் 28 டிகிரியில் இருந்தால், கைக்கு இதமான 42 டிகிரிக்கு அதனை உயர்த்த, நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 லிட்டர் வீதம் அந்தக் காயிலால் தர இயலும். குன்னூரின் அதிகாலையில் நீர் 12 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதே காயில் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்கூடத் தராது. குழாயைச் சற்றுத் தாராளமாகத் திறந்தாலே நீர் வெதுவெதுப்பாகி, பிறகு குளிர்ந்தே வரும். சமவெளியில் வாங்கியவர்கள் மெச்சும் கீசரை மலையில் வாங்கியவர்கள் குறை கூறுவதற்கு இந்தக் கணக்கே காரணம். கருவியின் தரம் காரணமன்று.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது 10 லிட்டர் சேமிப்பு வகை. 12 டிகிரி நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர, 2,000 வாட் காயிலுக்குப் பதினேழு நிமிடங்கள் ஆகும். செலவாகும் மின்சாரம் அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். அந்த வெந்நீரைக் குளிர்ந்த நீருடன் கலந்தால், கை பொறுக்கும் சூட்டில் ஏறத்தாழ 15 லிட்டர் கிடைக்கும். ஒரு வேளைப் பாத்திரங்களுக்கு அது தாராளம். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் நட்சத்திரக் குறியையும் பாருங்கள். சும்மா நிற்கும் வெந்நீர் எவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்பதைத்தான் அந்த நட்சத்திரங்கள் காட்டுகின்றன.

மின் இணைப்பில் எந்தச் சமரசமும் வேண்டாம். 3,000 வாட் கீசர் 13 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 2,000 வாட் கீசர் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மிக்சிக்கும் குடிநீர் சுத்திகரிப்பானுக்கும் உள்ள 6 ஆம்பியர் பிளக்கில் இவற்றுள் எதையும் மாட்டக் கூடாது. மாற்றுப் பிளக் வைத்துச் செருகினால் சாக்கெட் உருகிக் கருகும். 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி. (மின்சுமை மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), எர்த் இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) ஆகிய நான்கும் இருந்தாக வேண்டும். சாக்கெட்டைச் சிங்க்கின் கழிவுக் குழாய்க்கு நேர்க் கீழே வைக்காமல், ஒழுகல் படாத பக்கச் சுவரில் உயர்த்தி வையுங்கள். சுவிட்ச் அலமாரிக்கு வெளியே, மேடைக்கு மேல், ஈரக் கை படாத தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: சிங்க்கின் அடியில் இடம் குறைவு என்பதால், பிளம்பர் 6 லிட்டர் கீசரைத் தலைகீழாகத் திருப்பி, குழாய்கள் மேல்நோக்கி வரும்படி மாட்டிவிட்டார். இணைப்புச் சுலபம், பார்ப்பதற்கும் நேர்த்தி என்றார். ஆனால் இரண்டு மாதத்துக்குள் காயில் எரிந்துபோயிற்று. புதுக் காயில் போட்டால் சரியாகிவிடுமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: சரியாகாது ஐயா. அந்தக் கீசரை நிமிர்த்தி மாட்டாத வரை எத்தனை காயில் போட்டாலும் எரியும். நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கீசர்களுக்கு இணைப்புகள் அடிப்பக்கம் இருக்கும். நீல வளையம் உள்ள வாயின் வழியே குளிர்ந்த நீர் தொட்டியின் அடியில் நுழையும். சிவப்பு வளையம் உள்ள வாயோ, தொட்டிக்குள் உச்சி வரை நீண்டு நிற்கும் ஒரு குழாயின் மறுமுனை. சூடான நீர் மேலே மிதப்பதால், அந்தக் குழாய் உச்சியிலிருந்து அதனை எடுத்துத் தரும். காயிலும், நீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் அடியிலிருந்தே உள்ளே செருகப்பட்டிருக்கும். ஆகவே அவை எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும்.

இதனைத் தலைகீழாக்கினால் அந்த ஏற்பாடு முழுவதும் குலைந்துவிடுகிறது. உச்சியில் இருக்க வேண்டிய குழாயின் வாய் அடிக்கு வந்துவிடும். நீர் நிரம்பத் தொடங்கி அந்த வாய் மூழ்கியதும், நீர் அதன் வழியே வெளியேறத் தொடங்கும். மேலே அடைபட்ட காற்றுக்கோ வெளியேற வழியில்லை. தனி வீட்டின் மாடித் தொட்டி கீசரைவிட 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் வெறும் அரை பார்தான். அந்த அழுத்தம் காற்றைச் சற்றுச் சுருக்குமே தவிர விரட்டாது. காயிலின் வேர்ப்பகுதி அந்தக் காற்றில்தான் நிற்கிறது. நீர் தொடாத காயில் சில நிமிடங்களில் செந்தணலாகப் பழுத்து எரியும். தெர்மோஸ்டாட்டும் நீரின் சூட்டை அறியாமல் காற்றின் சூட்டையே அறியும். உங்கள் கீசரில் சேதம் காயிலோடு நின்றது என்று ஆறுதல் கொள்ளலாம்.

கதவைத் திறந்து பாருங்கள்: கீசரின் மேல் அச்சிட்ட பெயரெழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தால், அதுவே போதிய சான்று. சிங்க்கின் அடியில் வைப்பதற்கென்றே, இணைப்புகள் மேல்பக்கம் உள்ள வகை தனியாக விற்கப்படுகிறது. அதன் உட்குழாய்களும் அதற்கேற்பவே அமைந்தவை. அது கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. சாதாரணக் கீசரையே நேராக மாட்டி, குழாய்களைக் கீழே வளைத்து மேலே கொண்டுவரலாம். அதற்குக் கீசரின் அடியில் ஒரு சாண் இடம் விட்டால் போதும். குழாய் சி.பி.வி.சி. ஆக இருக்கட்டும், வெறும் பி.வி.சி. வெந்நீரில் இளகிவிடும். எந்த வகையானாலும், சிங்க் குழாயில் வெந்நீர் சீராக ஓடி வருவதைக் கண்ட பிறகே சுவிட்ச்சைப் போடுங்கள்.

கேள்வி: கீசர் சூடாகும்போதெல்லாம் அதன் வால்வு முனையிலிருந்து நீர் சொட்டி அலமாரிப் பலகை ஊறிவிடுகிறது. ஒரு மூடி போட்டு அடைத்துவிடலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: தயவுசெய்து அடைக்காதீர்கள். 10 லிட்டர் நீர் 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால், ஒரு சிறு டம்ளர் அளவுக்கு, அதாவது 130 மில்லிக்கு மேல், பெருகும். குளிர்ந்த நீர் நுழையும் பக்கத்து வால்வு நீரைத் திரும்பிப் போகவிடாது. வெந்நீர்ப் பக்கத்துக் குழாயும் மூடியிருக்கிறது. பெருகிய நீருக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி அந்தச் சொட்டும் முனைதான். அதனையும் அடைத்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய்த் தொட்டி வெடிக்கக்கூடும். தெர்மோஸ்டாட்டும் பழுதடைந்து நிற்கும் நாளில் அது உயிருக்கே ஆபத்து.

முனையில் ஒரு மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி, கீழ்நோக்கிச் சரிவாகக் கொண்டுபோய், மறுமுனை திறந்தபடி சிங்க்கின் கழிவு வழியில் விடுங்கள், பலகை நனையாது. சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். கீசர் ஆறிக் கிடக்கும்போதும் சொட்டினால், வால்வில் உப்போ மணலோ சிக்கியிருக்கலாம், அல்லது அடுக்ககத்தின் பிரஷர் பம்ப் அளவுக்கு மீறி அழுத்தம் தரலாம். முதலாவதற்கு வால்வை மாற்ற வேண்டும், இரண்டாவதற்கு அழுத்தம் குறைக்கும் வால்வு போட வேண்டும்.

கேள்வி: எங்களுக்கு உப்பு மிகுந்த போர் தண்ணீர். கீசர் சூடாகும்போது 'சுர்'ரென்று ஓசை வருகிறது. கீசரை எப்போதும் போட்டே வைக்கலாமா? அந்த வெந்நீரில் அரிசி வைக்கலாமா? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: அந்த ஓசை, காயிலின் மேல் படிந்த சுண்ணப் படிவத்துக்கு அடியில் நீர் கொதிப்பதால் எழுவது. சூடு கூடக் கூடப் படிவமும் விரைந்து சேரும் என்பதால், தெர்மோஸ்டாட்டை 55 டிகிரியில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்போதே உள்ளிருக்கும் மக்னீசியம் ஆனோடு கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னை அரித்துக்கொள்ளும் கம்பி அது, உப்பு நீரில் விரைவில் கரைந்துவிடும். சர்வீஸ் செய்ய வருபவர்கள் காயிலை மட்டும் மாற்றிவிட்டு இதனை எட்டிப் பார்க்காமல் போவதே வழக்கமாக இருக்கிறது.

எப்போதும் போட்டு வைக்கத் தேவையில்லை. உங்கள் ஊர் வெப்பத்தில் 10 லிட்டர் சூடாக 10 நிமிடமே ஆகும். பல நாள் பூட்டியிருந்த வீட்டுக்குத் திரும்பினால், நின்ற நீரை வெளியேற்றிவிட்டு, புதுநீரை ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றிய பின் பயன்படுத்துங்கள். அந்தச் சூட்டில் விழும் நீர் ஐந்தாறு நொடிகளில் தோலை வேகவைத்துவிடும் என்பதால், அன்று குழந்தைகளைச் சிங்க்கின் அருகே விட வேண்டாம்.

அரிசிக்கும் குடிப்பதற்கும் கீசர் நீர் வேண்டாம். ஆனோடு கரைசலும் படிவத் துகளும் அதில் கலந்திருக்கும். பாத்திரத்துக்கு மட்டும் அது போதும். உலைக்குக் குடிநீரையே அடுப்பில் வையுங்கள்.