கீபோர்டும் மதியச் சாப்பாடும்

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிறிய சபையைச் சேர்ந்தவன் நான். எங்களுக்குப் பாஸ்டர் கிடையாது, மூப்பர்கள்தான். ஞாயிறுதோறும் கர்த்தருடைய இராப்போஜனமாக அப்பம் பிட்கிறோம். இளைஞர்கள் நாங்கள் காசு சேர்த்து ஒரு கீபோர்டு வாங்கினோம். அதைச் சபைக்குள் கொண்டுவரவே கூடாது என்று மூத்த மூப்பர் சொல்லிவிட்டார். அப்போஸ்தலர்கள் ஆராதனையில் வாத்தியம் வாசித்ததாகப் புதிய ஏற்பாட்டில் இல்லை, இல்லாததைச் சேர்ப்பது நாதாபும் அபியூவும் கொண்டுவந்த அந்நிய அக்கினி என்கிறார். மலையிலே காண்பிக்கப்பட்ட மாதிரியின்படியே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பது அவர் அடிக்கடி எடுத்துக்காட்டும் வசனம். இப்போது சபை இரண்டுபட்டுக் கிடக்கிறது. முன்பு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். சில குடும்பத்தார் மற்றவர்களோடு ஒரே பந்தியில் உட்கார மனமில்லாமல் ஒதுங்கியதால் அதுவும் நின்றுபோனது. வேதத்தை மாதிரியாகக் கொள்வது என்றால் என்ன? நான் வேறு சபைக்குப் போய்விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மூப்பரை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆராதனை மேடையில் புகை விடுகிற காலத்தில், ‘இதற்கு வசனம் எங்கே?’ என்று கேட்க ஓர் ஆளாவது இருக்கிறார். ஆனால் அவருடைய கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அதைப் படித்தால் அவருக்கே கொஞ்சம் கலக்கம் ஏற்படும்.

பதினாறாம் நூற்றாண்டில், ஐரோப்பியச் சபைச் சீர்திருத்தக் காலத்திலேயே இதில் இரண்டு கட்சிகள். வேதம் தடுக்காததை வைத்துக்கொள்ளலாம் என்றார் லூத்தர். வேதம் கட்டளையிடாததை ஆராதனையிலிருந்து அகற்ற வேண்டும் என்றார் சூரிச் நகரத்துச் சுவிங்லி. இத்தனைக்கும் சுவிங்லி பல வாத்தியங்களில் தேர்ந்த கலைஞர். அவருடைய ஊரில்தான் 1527-இல் பெரிய ஆலயத்தின் ஆர்கன் உடைக்கப்பட்டது. 1598 வரை சூரிச் ஆலயங்களில் பாட்டே இல்லை.

அவருடைய சீடர்கள் அதே விதியை அவரிடமே திருப்பினார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வசனம் எங்கே என்று கேட்டார்கள். சுவிங்லி பின்வாங்கினார். 1525 ஜனவரியில் கொன்ராட் கிரெபெலும் நண்பர்களும் பெலிக்ஸ் மான்ஸ் வீட்டில் கூடி, விசுவாசித்தவர்களாக மறுபடியும் ஞானஸ்நானம் பெற்றார்கள். இரண்டு வருடம் கழித்து நகர மன்றம் மான்ஸை லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. ஆர்கன் உடைந்ததும் அதே வருடம்தான். கிரெபெல் 1524-இல் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தெளிவான வசனத்தாலோ முன்மாதிரியாலோ போதிக்கப்படாத எதையும் விலக்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்பது அதன் வாதம். அந்தக் கணக்கில் ஆராதனையில் பாடுவதும் கூடாது என்கிறார். உங்கள் மூப்பர்கூட அவ்வளவு தூரம் போகவில்லை. மான்ஸ் எழுதியதாகச் சொல்லப்படும் பாட்டு ஒன்று இவர்களின் வழிவந்த ஆமிஷ் மக்களின் பாட்டுப் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கதை அமெரிக்காவில் நடந்தது. உங்கள் மூப்பரின் வாதம் ஏறக்குறைய இதே வடிவில் அங்கேதான் உருவானது. பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டண்ட் சபையின் பிரிவுகள் ஒன்றோடொன்று கர்த்தருடைய பந்தியில் உட்கார மறுத்த காலம். தாமஸ் கேம்பல் என்ற போதகர் மனம் வெறுத்து, 1809-இல் பென்சில்வேனியாவில் ஒரு வழி சொன்னார்: வேதம் பேசும் இடத்தில் பேசுவோம், வேதம் மௌனமாக இருக்கும் இடத்தில் மௌனமாக இருப்போம். கூட்டத்தில் ஒருவர் உடனே எழுந்து, அப்படியானால் குழந்தை ஞானஸ்நானம் போய்விடுமே என்றாராம். கேம்பலின் நோக்கம் ஒற்றுமை. மனிதர் எழுதிய விசுவாசப் பிரமாணங்களைத் தள்ளிவிட்டால் எல்லோரும் ஒன்றாகிவிடலாம் என்று உண்மையாகவே நம்பினார். 1832-இல் கெண்டக்கியில் அதே எண்ணம் கொண்ட பார்ட்டன் ஸ்டோனின் கூட்டத்தாரோடு இணைந்தபோது அது பலித்தது போலவும் இருந்தது.

பிறகு மிஷனரி சங்கம் வைக்கலாமா என்று சண்டை. அப்போஸ்தலர் நடபடிகளில் சங்கம் இல்லையே! 1860-ஐ ஒட்டி மிட்வே என்ற ஊரில் ஒரு சபை மெலோடியன் என்ற சின்ன ஆர்மோனியத்தை வைத்தது. அது அடுத்த சண்டை. 1906-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் மதக் கணக்கெடுப்பில் வாத்தியம் வேண்டாம் என்றவர்கள் தனிப் பிரிவாகவே பதிவானார்கள். அவர்களுக்குள்ளும் ஓய்வுநாள் பள்ளி கூடாது என்று ஒரு கூட்டம் பிரிந்தது. இராப்போஜனத்தில் கர்த்தர் ஒரே பாத்திரத்தைத்தான் எடுத்தார், சின்னச் சின்னக் கிண்ணங்கள் கூடாது என்று இன்னொரு கூட்டம்.

ஒற்றுமைக்காக வந்த விதி ஏன் இப்படிப் பிரித்துக்கொண்டே போனது? மௌனத்துக்கு அர்த்தம் சொல்வது எப்போதும் மனிதர்தான் என்பதே என் எண்ணம். பாட்டுப் புத்தகம், மைக், ஆலயக் கட்டடம் எதற்கும் வசனம் இல்லை. அவை வெறும் வசதி, கீபோர்டு ஆராதனையின் ஒரு பகுதி என்பார் உங்கள் மூப்பர். இருக்கலாம். ஆனால் வசதி எங்கே முடிகிறது, பகுதி எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் வசனம் எது? அந்தக் கோட்டை அவரேதான் போடுகிறார். இயேசு ஓய்வுநாள்தோறும் ஜெபஆலயத்துக்குப் போனார். மோசேயின் சட்டத்தில் ஜெபஆலயம் என்ற ஒன்றே கிடையாது. யோவான் பத்தாம் அதிகாரத்தில் அவர் எருசலேமில் இருந்த தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகையும் மக்கபேயர் காலத்தில் ஏற்பட்டது, மோசே கட்டளையிட்டதல்ல. அவர் அதைக் கண்டித்ததாக எங்கும் இல்லை.

நாதாப், அபியூவுக்கு வருகிறேன். கட்டளையிடாத அக்கினியைக் கொண்டுவந்து, கர்த்தரின் அக்கினியால் செத்த ஆரோனின் மகன்கள் அவர்கள். அந்த லேவியராகமம் பத்தாம் அதிகாரத்தை முடிவு வரை வாசிக்கச் சொல்லுங்கள். மூத்த மகன்கள் இருவரும் செத்த அதே நாளில், ஆரோனின் மற்ற இரண்டு மகன்கள் பாவநிவாரண பலியை விதிப்படி உண்ணாமல் எரித்துவிடுகிறார்கள். இங்கே வேதம் மௌனமாக இல்லை. உண்ண வேண்டும் என்பது வெளிப்படையான கட்டளை. மோசே கோபப்படுகிறார். இன்று எனக்கு இப்படியெல்லாம் நேர்ந்திருக்கும்போது நான் அதை உண்டிருந்தால் கர்த்தருக்கு நன்றாயிருக்குமா என்று ஆரோன் கேட்கிறார். அதைக் கேட்டு மோசே அமைதியாகிறார். அக்கினி எதுவும் இறங்கவில்லை. இந்தப் பாதியை யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

அதற்காக வேதத்தை மாதிரியாகக் கொள்வதே வீண் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. திருநெல்வேலியில் ரேனியஸ் என்ற ஜெர்மன் மிஷனரி, பிஷப்புதான் குருப்பட்டம் கொடுக்க வேண்டும் என்பது போன்ற ஆங்கிலிக்க முறைகளை விமர்சித்து எழுதி, 1835-இல் மிஷன் வேலையை இழந்தார். அவரிடம் பயின்ற அருளப்பன், அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற மிஷனரியோடு சேர்ந்து, 1840-இல் கிறிஸ்தியான்பேட்டையில் ஒரு சபையை ஏற்படுத்தினார். பட்டம் பெற்ற குரு இல்லாமலே தமிழர்கள் அப்பம் பிட்டார்கள். வெள்ளைக்கார மிஷன்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. ‘இதற்கு வசனம் எங்கே?’ என்ற கேள்வி அன்று கீழே இருந்தவர் மேலே இருந்தவரிடம் கேட்டது. அதனால்தான் அதற்கு வலிமை இருந்தது. உங்கள் சபையில் மேலே இருப்பவரே கேட்கிறார். அப்போது அது வாயை அடைக்கப் பயன்படுகிறது.

இப்போது, நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப்போன விஷயம். மதியச் சாப்பாடு நின்றுபோனது என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். யார் யாரோடு உட்காரவில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. நம் ஊரில் சொல்லவும் வேண்டாம். எஸ்., வாத்தியத்தைப் பற்றிப் புதிய ஏற்பாட்டுச் சபைகளில் சண்டை நடந்ததாக ஒரு வரி கிடையாது. பந்தியைப் பற்றிய சண்டை பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் ஒதுங்கினார். பவுல் எல்லோருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். கொரிந்துவில் சிலர் முந்திச் சாப்பிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். நீங்கள் உண்பது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று பவுல் எழுதினார். இந்த இடங்களில் வேதம் மௌனமாக இல்லை. உங்கள் சபை மௌனமாக இருக்கிறது.

கீபோர்டை யார் வீட்டிலாவது வையுங்கள். வாத்தியம் இல்லாமல் நான்கு குரலில் பாடப் பழகுங்கள். அந்த அமெரிக்கச் சபைகள் அதில் அபாரமானவை, உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. மூப்பரிடம் அந்த அந்தியோகியாச் சண்டை வரும் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் போய், மதியச் சாப்பாட்டை மறுபடியும் எப்போது தொடங்கலாம் என்று கேளுங்கள். வசனத்துக்கு அஞ்சுகிறவர் என்பதால் அவர் சம்மதிக்கவும் கூடும். வேறு சபைக்குப் போவதா என்பதை அவர் பதிலைக் கேட்டபிறகு முடிவு செய்யுங்கள்.