ஜெபித்தாயிற்று, இனி யோசிக்கலாமா?

வாசகர் கேள்விகளுக்கு ஆசிரியர் குழுவின் பதில்கள்

கேள்வி: "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்று நீதிமொழிகள் 3:5 சொல்கிறது. அப்படியானால் ஒரு காரியத்தில் சாதக பாதகங்களைத் தாளில் எழுதிப் பார்ப்பதே அவிசுவாசமா? எங்கள் ஜெபக்குழுவில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பதில்: அந்த வசனத்தில் அழுத்தம் விழ வேண்டிய இடம் 'புத்தி' அல்ல, 'சாயாமல்'. அங்கே வரும் எபிரேயச் சொல்தான் 2 சாமுவேல் 1:6-லும் வருகிறது. சவுல் ராஜா தன் ஈட்டியின்மேல் சாய்ந்துகொண்டிருந்தான் என்று அமலேக்கியன் தாவீதிடம் சொல்லும் இடம் அது. உடம்பின் பாரம் முழுவதையும் ஒன்றின்மேல் இறக்கி நிற்பதுதான் சாய்தல். ஈட்டி கையில் இருப்பதில் தவறில்லை. அது நழுவினால் ஆளே விழுந்துவிடுவான் என்ற நிலையில் நிற்பதுதான் ஆபத்து.

'புத்தி' என்பதற்கு அங்கே உள்ள சொல் 'பீனா'. அடுத்த அதிகாரத்தில், 4:7-ல், "என்னத்தைச் சம்பாதித்தாலும் புத்தியைச் சம்பாதித்துக்கொள்" என்று வருகிறதே, அதுவும் இதே 'பீனா'தான். ஒரே புத்தகம் ஒரே பொருளை ஓர் அதிகாரத்தில் எறியச் சொல்லி, அடுத்த அதிகாரத்தில் சம்பாதிக்கச் சொல்லுமா? புத்தியைத் தேடுங்கள், பயன்படுத்துங்கள். பாரத்தை மட்டும் அதன்மேல் இறக்காதீர்கள். 3:7 இதை இன்னும் நேராகச் சொல்கிறது: "நீ உன்னை ஞானியென்று எண்ணாதே."

சாய்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு யோசுவா 9-ஐப் படியுங்கள். கிபியோனியர் பூசணம் பூத்த அப்பத்தோடும், கிழிந்து கட்டப்பட்ட திராட்சரசத் தோல்பைகளோடும், பழுதுபார்த்த பாதரட்சைகளோடும் வந்து, "தூர தேசத்திலிருந்து வருகிறோம்" என்றார்கள். இஸ்ரவேலர் ஏமாளிகள் அல்ல. "நீங்கள் எங்கள் நடுவிலேயே குடியிருப்பவர்களாக இருந்தால்?" என்று 7-ஆம் வசனத்தில் சரியாகவே சந்தேகப்பட்டார்கள். அப்பத்தையும் வாங்கிப் பார்த்தார்கள். கர்த்தருடைய வாக்கை மட்டும் கேட்கவில்லை (9:14). உடன்படிக்கை செய்த 3 நாளில், அவர்கள் பக்கத்து ஊரார்தான் என்ற குட்டு உடைந்தது. அவர்கள் சோதித்துப் பார்த்ததைக் குறை சொல்ல முடியாது. அப்பம் சொன்ன சாட்சியோடு விசாரணையை முடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே தாளில் எழுதுங்கள், தாராளமாக. எழுதி முடித்ததும் "இதில் நான் பார்க்காதது எது?" என்று அந்தத் தாளோடேயே ஜெபியுங்கள்.

கேள்வி: ஒரு வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. பதில் சொல்ல 2 வாரம்தான் அவகாசம். தேவசித்தம் அறிய வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். படிப்படியாக என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை.

பதில்: முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "என்னைக்குறித்த சித்தம் என்ன?" என்பது கேள்வியே அல்ல, பெருமூச்சு. சவுலுக்குத் தப்பி ஓடிய தாவீது கேகிலா என்ற ஊரில் கர்த்தரிடம் கேட்டதைப் பாருங்கள் (1 சாமுவேல் 23:9-13). சவுல் சதி செய்கிறான் என்று தகவல் வந்தபின், இரண்டே கேள்விகள்: சவுல் வருவானா? இந்த ஊரார் என்னை ஒப்புக்கொடுப்பார்களா? சவுலைப்பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் வந்தது: "வருவான்." மற்றதைத் திரும்பக் கேட்டான், அதற்கும் பதில் கிடைத்தது: "ஒப்புக்கொடுப்பார்கள்." இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. "ஊரைவிட்டுப் போ" என்று கர்த்தர் சொன்னதாக அங்கே எழுதப்படவில்லை. பதிலைக் கேட்ட தாவீது, ஏறக்குறைய 600 பேரைக் கூட்டிக்கொண்டு தானே புறப்பட்டுவிட்டான். நடத்துதல் வந்தபிறகும் முடிவெடுக்கும் வேலை அவனுக்கு மிச்சம் இருந்தது.

அடுத்து, வேதம் ஏற்கனவே பதில் சொல்லிவிட்டதை அடித்துவிடுங்கள். பொய்க் கணக்கு எழுத வேண்டிய வேலையா? அதற்கு ஜெபம் தேவையில்லை, 'இல்லை' என்றால் போதும்.

பிறகு விவரம் சேகரியுங்கள்: சம்பளம், வேலை நேரம், பயண நேரம், ஆராதனை நாளில் விடுப்பு உண்டா, அந்த இடத்தைவிட்டு முன்பு ஆட்கள் ஏன் போனார்கள், உங்கள் வீட்டில் யாருடைய சுமை கூடும். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொன்னது (லூக்கா 14:28) வேறொரு பொருளுக்காக. ஆனாலும் கணக்குப் பார்க்கிறவனை அவர் அவிசுவாசி என்று நினைக்கவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. முதல் 4, 5 நாட்கள் இதற்கே போகட்டும். விவரம் தெரியாமல் முழங்காலில் நின்றால் நம் கற்பனையைத்தான் ஜெபித்துக்கொண்டிருப்போம்.

அதற்குப் பிறகுதான் கடினமான படி. "எந்தப் பதில் வந்தால் எனக்குக் கோபம் வரும்?" என்று உங்களையே கேளுங்கள். எரேமியா 42-ல் படைத்தலைவன் யோகனானும் அவனோடிருந்த ஜனங்களும் வந்து, "நன்மையானாலும் தீமையானாலும் கேட்போம்" என்று வாக்குக் கொடுத்து எரேமியாவை ஜெபிக்கச் சொன்னார்கள். 10 நாள் கழித்துப் பதில் வந்தது: எகிப்துக்குப் போகாதீர்கள். உடனே "நீ பொய் சொல்லுகிறாய்" என்றார்கள் (43:2). காரணம் 41:17-லேயே இருக்கிறது. எகிப்துக்குப் போகும் எண்ணத்தோடு பெத்லகேமுக்கு அருகில் ஏற்கனவே வந்து தங்கிவிட்டார்கள். மூட்டை கட்டிய பிறகு கேட்டது ஆலோசனை அல்ல, முத்திரை. உங்கள் மூட்டையும் கட்டியாயிற்று என்றால், அதை மறைக்காமல் சொல்லி ஜெபியுங்கள்: "எனக்கு இது வேண்டும் ஆண்டவரே, வேண்டாமென்றால் அதை விட மனம் தாரும்."

இரண்டாம் வாரத் தொடக்கத்தில் மூன்று பேரிடம் பேசுங்கள்: அந்தத் தொழில் தெரிந்தவர் ஒருவர், உங்கள் பலவீனம் தெரிந்தவர் ஒருவர், விசுவாசத்தில் முதிர்ந்தவர் ஒருவர். உங்கள் முடிவால் லாபமோ நஷ்டமோ அடைகிறவர் இந்த மூவரில் இருக்கக்கூடாது. மூவரிடமும் ஒரே விவரத்தைச் சொல்லுங்கள். ஒருவரிடம் சம்பளத்தை மட்டும் சொல்லி, இன்னொருவரிடம் நேரத்தை மட்டும் சொன்னால் நீங்கள் விரும்பிய பதில்தான் திரும்பி வரும். "கர்த்தர் எனக்கு உணர்த்தினார்" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். அதைக் கேட்டபின் யார் மறுத்துப் பேசுவார்? ஆலோசனைக்காரரின் வாயை அடைப்பதற்கு அதைவிட நல்ல பூட்டு இல்லை.

கடைசி நாளிலும் வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லையா? பெரும்பாலும் விழாது. யாக்கோபு 1:5 வாக்குக் கொடுப்பது ஞானத்தை, சைகையை அல்ல. கையிலுள்ள வெளிச்சத்தில் எது ஞானமோ அதைத் தேர்ந்தெடுத்து, "ஆண்டவருக்குச் சித்தமானால்" (யாக்கோபு 4:15) என்று சொல்லி, குறித்த தேதிக்குள் பதில் கொடுங்கள். இரண்டு வழியும் நல்லதாக இருந்தால் இரண்டில் எதில் போனாலும் கீழ்ப்படியாமை ஆகாது. பதில் சொல்லாமல் தேதியைக் கடத்துவதும் ஒரு முடிவுதான், அதுவும் பெரும்பாலும் பயம் எடுத்த முடிவு.

கேள்வி: கிதியோனைப் போல அடையாளம் கேட்கலாமா? "வெள்ளிக்கிழமைக்குள் போன் வந்தால் இது உமது சித்தம்" என்று ஜெபித்து வருகிறேன்.

பதில்: கிதியோன் ஆட்டுமயிர்த் தோலைக் களத்தில் விரித்து, பனி தோலில் மட்டும் பெய்து தரை காய்ந்திருக்கட்டும் என்று கேட்டது சித்தத்தை அறிய அல்ல. மீதியானியரை எதிர்த்து "போ" என்ற கட்டளை நியாயாதிபதிகள் 6:14-லேயே வந்துவிட்டது. 6:37-ல் அவனே "தேவரீர் சொன்னபடி" என்கிறான். தெரிந்ததை நம்ப முடியாமல் கேட்ட அடையாளம் அது. தேவன் பொறுமையாக இருந்தார் என்பதுதான் அங்குள்ள ஆச்சரியம்.

அவன் சோதனையிலேயே ஓட்டை இருந்ததையும் பாருங்கள். ஆட்டுமயிர் பனியை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த களம் சீக்கிரம் உலர்ந்துவிடும். காலையில் தோலைப் பிழிந்து ஒரு கிண்ணம் தண்ணீர் எடுத்தும் அவனுக்கு நிம்மதியில்லை. மறுநாள் தலைகீழாகக் கேட்டான்: தோல் காயட்டும், தரை நனையட்டும். உங்கள் போன் அடையாளத்திலும் அதே ஓட்டை. எப்படியும் வரக்கூடிய அழைப்பு வந்தால் எதை நிரூபிக்கும்? வராவிட்டால் சனிக்கிழமைக்கு நீட்டிவிடுவோம்.

ஆதியாகமம் 24-ல், ஈசாக்குக்குப் பெண் தேடிப் போன ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்டது வேறு ரகம். தனக்குத் தண்ணீர் கேட்டால், ஒட்டகங்களுக்கும் வார்க்க முன்வரும் பெண். அவனிடம் இருந்தது 10 ஒட்டகங்கள். தாகத்தோடு வந்த ஒட்டகம் ஒன்றே 100 லிட்டர் வரை குடிக்கக்கூடியது. குடத்தோடு துரவுக்கும் தொட்டிக்கும் ஓடி ஓடி அதை ஊற்றும் பெண்ணின் குணம், அந்த அடையாளத்துக்குள்ளேயே இருந்தது. அதற்குப் பிறகும் அவன் பேசாமல் கவனித்தான், யார் மகள் என்று விசாரித்தான். நீங்கள் அடையாளம் கேட்டே தீர வேண்டுமென்றால், எடுக்கப்போகும் முடிவுக்குச் சம்பந்தமுள்ள ஒன்றைக் கேளுங்கள்.

கேள்வி: வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தை வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். முன்பின் வசனங்களிலிருந்து பிய்த்த வரி யாருக்கும் எதையும் சொல்லும். மத்தேயு 4:6-ல் பிசாசு 91-ஆம் சங்கீதத்தை எடுத்துச் சொன்னபோது "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொற்கள் காணாமல் போயிருந்தன. எல்லாரும் பிரியமாக எடுத்துக்கொள்ளும் எரேமியா 29:11-க்கு முந்தின வசனத்தையும் வாசித்துவிடுங்கள். அங்கே 70 வருஷம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறது.

கேள்வி: ஒரு ஊழியர், "இன்னாரைத்தான் நீ மணக்க வேண்டும் என்று கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்கிறார். எனக்கு அதில் மனமில்லை. மறுத்தால் கீழ்ப்படியாமை ஆகுமா?

பதில்: ஆகாது, சகோதரி. 1 இராஜாக்கள் 13-ல் யூதாவிலிருந்து வந்த தேவமனுஷனுக்கு நேரடிக் கட்டளை இருந்தது: அங்கே அப்பம் புசிக்காதே, தண்ணீர் குடிக்காதே, வந்த வழியே திரும்பாதே. ஒரு கிழவனான தீர்க்கதரிசி, "நானும் உம்மைப்போலத் தீர்க்கதரிசிதான், தூதன் சொன்னான்" என்று பொய் சொல்லி வீட்டுக்கு அழைத்துப்போனான். நம்பிப்போனவனை வழியில் சிங்கம் கொன்றது. சொன்னவரின் வயதும் பட்டமும் பொய்யை மெய்யாக்கவில்லை.

புதிய ஏற்பாட்டிலும் தீர்க்கதரிசனம் சொல்லப்பட்டால் மற்றவர்கள் அதை நிதானிக்க வேண்டும் (1 கொரிந்தியர் 14:29). மறுமணம் செய்யும் விதவைக்குப் பவுல் வைக்கும் நிபந்தனை ஒன்றே: அவன் கர்த்தருக்குட்பட்டவனாக இருக்க வேண்டும். யார் என்பது "தனக்கு இஷ்டமாயிருக்கிற" என்று அவள் கையில் விடப்பட்டிருக்கிறது (1 கொரிந்தியர் 7:39).

அந்த ஊழியரிடம், சபை மூப்பர்கள், உங்கள் பெற்றோர் முன்னிலையில் அதையே சொல்லச் சொல்லுங்கள். தனியே மட்டும்தான் சொல்வேன் என்றாலோ, அவசரப்படுத்தினாலோ, மறுத்தால் சாபம் என்றாலோ பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். அவர் சொல்வது உண்மையானால் அதைத் தேவன் உங்களிடமும் சொல்ல வல்லவர்.

கேள்வி: சுகம் கிடைக்கும் என்று விசுவாசித்து மருந்தை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். எசேக்கியாவுக்கு 15 வருஷம் ஆயுள் கூட்டித் தரப்படும் என்று கர்த்தரே சொன்னபிறகும், பிளவையின்மேல் அத்திப்பழ அடை வைக்கப்பட்டது (2 இராஜாக்கள் 20:6, 7). ஆசா ராஜாவின் குற்றம் வைத்தியரிடம் போனது அல்ல, கர்த்தரைத் தேடாமல் போனது (2 நாளாகமம் 16:12). வலிப்பு, நீரிழிவு, இரத்த அழுத்தம் இவற்றுக்கான மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். சுகமாகிவிட்டது என்று நம்பினால் பரிசோதனை செய்து காட்டுங்கள், குறைப்பதை மருத்துவர் குறைக்கட்டும்.

கேள்வி: ஜெபித்தேன், மனதில் சமாதானம் இருந்தது, கதவும் திறந்தது. நம்பித் தொழில் தொடங்கி நஷ்டப்பட்டேன். பங்குதாரருக்கும் என்னால் கடன். அப்படியானால் அது தேவ நடத்துதல் இல்லையா?

பதில்: சமாதானத்தையும் திறந்த கதவையும் மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. யோனாவுக்கு இரண்டுமே இருந்தன. யோப்பாவில் தர்ஷீசுக்குப் போகும் கப்பல் தயாராக நின்றது, கூலி கொடுக்கக் கையில் பணம் இருந்தது, புயலிலும் கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். ஓடிக்கொண்டிருந்ததோ கர்த்தரைவிட்டு. முடிவெடுத்த களைப்பே சில நேரம் சமாதானம்போலத் தோன்றும்.

மறுபக்கமும் உண்டு. பவுலுக்கு ஆசியா (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) தடைபட்டது, பித்தினியா தடைபட்டது, துரோவாவில் மக்கெதோனியா தரிசனம் வந்தது. அங்கே கூடியிருந்தவர்கள் சேர்ந்து நிச்சயித்துப் புறப்பட்டார்கள் (அப்போஸ்தலர் 16:6-10). போய்ச் சேர்ந்த பிலிப்பியில் கிடைத்தது அடியும், தொழுமரமும், சிறையும். ஆகவே நஷ்டம் வந்ததை வைத்து நடத்துதல் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

நஷ்டத்தின் காரணத்தைத் தேடுங்கள். விவரம் விசாரிக்காமல் இறங்கினீர்களா, ஆலோசனை சொன்னவரை ஒதுக்கினீர்களா, கையிருப்புக்கு மேல் கடன் வாங்கினீர்களா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கணிப்பில் பிழை இருந்தால் பிழை என்றே சொல்லுங்கள், அதற்குச் 'சோதனை' என்று பெயர் வைக்காதீர்கள். பங்குதாரரிடம் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்த் திறந்து காட்டி, எவ்வளவு, எத்தனை மாதத்தில் திருப்பித் தருவேன் என்று எழுதிக் கொடுங்கள். அதற்கு ஜெபித்து உத்தரவு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.