சம்பள நாளும் சாராயக்கடையும் – கடிதம்

ஐயா,

சென்னை ஓட்டேரிப் பக்கத்து மில் வாழ்க்கையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சங்கு ஊதியதும் தெரு கொள்ளாமல் சைக்கிள் வருவதையும், ஆட்கள் சாராயக்கடையில் உட்கார்ந்து சிரித்துப் பேசுவதையும் ஆசை ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். என் மகன் மான்செஸ்டரில் இருக்கிறான். பழைய பஞ்சாலை ஒன்றுக்கு எதிரில் இருக்கும் பப்பில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கும் படத்தை அனுப்பி, "நம்ம ஊர்லயும் இப்படித்தான் இருந்திருக்குமா?" என்று கேட்டான். எனக்கு என் அம்மா சம்பள நாளில் மில் கேட்டில் நின்றதுதான் ஞாபகம் வந்தது. இடுப்பில் தம்பி, கையைப் பிடித்துக்கொண்டு நான். நீங்கள் அவளை எழுதவில்லை. ஏன்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நீங்கள் கேட்டது நியாயம். உங்கள் அம்மாவை நான் விட்டுவிட்டேன்.

நான் பார்த்தது கடைப் பக்கத்திலிருந்து. 1982-இல் எனக்குப் பத்து வயது. பெரியப்பா அந்தப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றில் தறி ஓட்டினார். மில்லின் பெயர் இங்கே வேண்டாம். அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவது என் வேலை. காலை ஷிப்டு முடிந்து வந்தால் கடை வாசல் வரை என்னையும் கூட்டிப்போவார். எனக்குச் சுண்டல் பொட்டலம். அவருக்கு ஒரு கிளாஸ், ஊறுகாய். சில நாள் சாக்கணா, குடிக்குத் தொட்டுக்கொள்ளும் கறி.

கடையில் எல்லாரும் கத்திக் கத்தித்தான் பேசுவார்கள். குடித்ததால் கத்துகிறார்கள் என்று தெருவில் சொல்வார்கள். கடைக்கு வந்து உட்கார்ந்த உடனே, கிளாஸ் கைக்கு வரும் முன்பே அப்படித்தான் பேசினார்கள். இருபது வருஷம் தறிச் சத்தத்தில் நின்ற காதுகள் அவை. மில்லுக்குள் பேச்சே கிடையாது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். எட்டு மணி நேரம் வாய் திறக்காதவர்கள் வாய் திறந்த முதல் இடம் அந்தக் கடை. லீவு போட்டவனுக்குப் பதிலாக நிற்கும் பதிலி வேலை யாருக்குக் கிடைக்கும், எந்த மேஸ்திரி யாரை அமுக்குகிறான், சீட்டு யார் எடுத்தது, எல்லாம் அங்கேதான். நான் ஆசையாக எழுதியது அந்தப் பேச்சை. அதை இப்போதும் மாற்றி எழுத மாட்டேன்.

"பஞ்சு இறங்கணும்டா" என்பார் பெரியப்பா. தொண்டையில் அடைத்த தூசியைச் சாராயம் கழுவிவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள். பஞ்சுத் தூசி போய் உட்காரும் இடம் நுரையீரல். டாக்டர்கள் அந்த நோயை பைசினோசிஸ் என்கிறார்கள். லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு அதிகமாக இறுகும் என்பது அதன் அடையாளம். சாராயத்தால் அதற்கு ஒரு துளியும் பயன் இல்லை.

உங்கள் மகனுக்கு ஒன்று சொல்லுங்கள். படத்தில் இருக்கிற மாதிரி ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த கடை நமக்கு வாய்க்கவில்லை. 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபிறகு, சாராயக்கடை சட்டப்படி திறந்திருந்தது துண்டு துண்டாகத்தான்: 1971 முதல் 1974 வரை, பிறகு 1981 முதல் 1986 முடிய, கடைசியாக 1990-91-இல் கொஞ்ச நாள். மற்ற நாளில் குடி சந்துக்குள் போனது. வடசென்னையில் புளித்த சோற்றில் செய்யும் சுண்டக்கஞ்சி; அதுவும் இல்லாவிட்டால் மரத்துக்குப் பூசும் வார்னிஷ். அதைக் குடித்துக் கண் போனவர்கள் உண்டு, உயிர் போனவர்கள் உண்டு. இன்னொன்றும் சொல்லுங்கள்: பிரிட்டனில் கூலியை பப்பில் வைத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. 1883-இல் அதைத் தடுக்கத் தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது. அந்த பப்புகளின் வாசலிலும் உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் நின்றிருப்பார்கள்.

தொழிலாளி ஒன்றுசேரக் கடை வேண்டும் என்று சிலர் எனக்கு எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக்) மில் தொழிலாளிகளுக்காகத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது, ஒரு பக்திச் சபையிலிருந்து வந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் நடத்திய வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை அது. அங்கே வந்த தொழிலாளிகள் தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். அதைக் கேட்டவர்கள் போய், அன்னி பெசன்ட்டோடு இருந்த பி.பி. வாடியாவை அழைத்துவந்தார்கள். திரு.வி.க.வும் சேர்ந்தார். சாராயம் இல்லாமலே அவர்களால் பேச முடிந்தது.

ஆனாலும் குடிதான் இவர்களைக் கெடுத்தது என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. பெரியப்பாவின் குடிக்கு ஒரு கரை இருந்தது, சங்கு. மறுநாள் காலை ஷிப்டு என்றால் ராத்திரி எட்டு மணிக்கே கடையிலிருந்து எழுந்துவிடுவார். "கேட் மூடிடுவான்" என்பார், ஒரு நாள் கூலி போய்விடும் என்ற பயம். தொண்ணூறுகளில் மில் மூடியது. அதே காலத்தில் 1996-இல் பி அண்ட் சி-யும் மூடியது. எங்கள் தெருவில் காலையில் யாரும் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. பெரியப்பா காலை பத்து மணிக்குக் குடித்து நான் முதலில் பார்த்தது அவர் மில் மூடிய வருஷம்தான்.

இனி, நீங்கள் கேட்ட கேள்வி.

என் பெரியம்மாவும் கேட்டில் நின்றவர்தான். வட்டிக்காரன் வருவதற்கு முன்னால் வந்து நிற்பார். பெரியப்பா அவரைப் பார்க்காத மாதிரி பக்கத்து வழியாகக் கடைக்குப் போவார். அங்கே உட்கார்ந்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, சம்பளக் கவரைக் காலித் தூக்கில் போட்டு மூடி என்னிடம் கொடுப்பார். நான் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடுவேன். பெரியம்மா அங்கேயே நின்று எண்ணுவார். இரண்டு தரம் எண்ணுவார். பிறகு என்னைப் பார்த்து, "எத்தினி கிளாஸ்டா?" என்று கேட்பார்.

வாயில் சுண்டலை வைத்துக்கொண்டு, "ஒண்ணுதான் பெரிம்மா" என்பேன். ஒவ்வொரு மாதமும் அதையேதான் சொன்னேன்.