தண்டவாளத்தின் மேல் கார் நின்றுவிட்டால்?

கேள்வி: பள்ளியாடி அருகே வசிக்கிறேன். அண்மையில்தான் ஓட்டுநர் உரிமம் பெற்றேன். பழைய கியர் காரில் தினமும் ரயில்வே கேட்டைக் கடக்க வேண்டும். கேட் திறந்ததும் எல்லோரும் முண்டியடிக்கிறார்கள். தண்டவாளத்தின் மேல் என் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது?

பதில்: உள்ளே இருக்கும் அனைவரும் இறங்கித் தண்டவாளத்தை விட்டு விலகுவதே முதல் வேலை. அடுத்து கேட்கீப்பரிடம் ஓடிச் சொல்லுங்கள். ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரிவிக்கவும் சிவப்புக் கொடி காட்டவும் அவரால்தான் முடியும். சிக்னலோடு இணைக்கப்பட்ட கேட்டுகளில், கேட் மூடிப் பூட்டப்படாமல் ரயிலுக்குப் பச்சை விழாது. ஆனால் எல்லா கேட்டுகளும் அப்படிப்பட்டவை அல்ல என்பதால், அதை நம்பி வண்டிக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது.

ரயில் இல்லை என்று கேட்கீப்பர் உறுதியாகச் சொன்னால், முதல் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரே காரைச் சில அடி நகர்த்திவிடும். புதிய கார்கள் பலவற்றில் கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் சுழலும் என்பதால் இந்த உபாயம் அவற்றில் பலிக்காது; ஆட்டோமேட்டிக் காரிலும் நடக்காது. உங்கள் கார் எந்த வகை என்பதை, முன்னால் ஆளோ சுவரோ இல்லாத திறந்த இடத்தில் இன்றே சோதித்துப் பாருங்கள். பலிக்காவிட்டால் நியூட்ரலில் போட்டுத் தள்ளச் சொல்லுங்கள்.

வண்டி நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றுவதும், முன்வண்டியை ஒட்டிக்கொண்டே ஏறுவதும்தான். மறுபுறம் உங்கள் காரின் நீளத்துக்கு இடம் கிடைக்கும்வரை இந்தப் பக்கமே நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும். பிறகு முதல் கியரிலேயே கடந்துவிடுங்கள்.

இதையெல்லாம் உங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. “ஆபீஸில் சொல்லியாச்சு, வந்து நின்றால் போதும்” என்று பணம் வாங்கும் புரோக்கர்களுக்கு நீங்கள் ஓட்டப் பழகினீர்களா என்பது பற்றிக் கவலையில்லை. மைதானத்தில் காரை முன்னும் பின்னும் எடுத்துக் காட்டியதோடு திருப்தியடையும் தேர்வுமுறை அவர்களுக்குத் துணை நிற்கிறது. கேட்டில் இடித்துவிட்டால் “நான் பேசி முடித்துத் தருகிறேன்” என்று வந்து நிற்பவரும் இதே ரகம்தான். கேட்டை உடைப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 160ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். அதை டீக்கடையில் பேசி முடிக்க எவராலும் இயலாது. அவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

உங்கள் டிரைவிங் ஸ்கூல் பயிற்சியாளரை அழைத்து, நெரிசலில்லாத காலை வேளையில் அதே கேட்டைப் பலமுறை கடந்து பழகுங்கள். பயிற்சிக் கட்டணம் வாங்கியவருக்கு அந்தக் கடமை இருக்கிறது.